தகரம் முதலில், குதிரைத்திறன் கடைசியில்: 1965–66 மஸ்டாங்கைப் புதுப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை குதிரைத்திறன், எந்த கார்புரேட்டர், சைலன்ஸர் சத்தம் எப்படி இருக்கும் என்றே பேச்சு போகும். எஞ்சின் கழற்றி மாட்டுகிற சாமான். காசு இருந்தால் புதிதாகவே பெட்டியில் வந்து இறங்கும். துருப்பிடித்த பாடி அப்படி இல்லை. 1965 மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, ஓரச்சட்டம், முன்பக்கத் தூண்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெல்ட் செய்த தகரக்கூடுதான் காரைத் தாங்குகிறது. அது மக்கிப்போனால் காரே போயிற்று. அதனால் இந்த வழிகாட்டி பாடியில் தொடங்கி, பிரேக், ஸ்டியரிங் வழியாகத்தான் எஞ்சினுக்கு வரும். பணத்தையும் இதே வரிசையில் செலவழியுங்கள்.

உதாரணத்துக்கு மஸ்டாங்கை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு இதை அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 2,368 டாலர். 1965, 1966 ஆகிய இரண்டு மாடல் ஆண்டுகளில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அதனால் இன்றைக்கும் கார் கிடைக்கிறது. கதவுக் கைப்பிடியிலிருந்து தரைத் தகரம் வரை புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள். கண்டிப்பான ஆட்கள் இதைப் பெரிய எஞ்சின் வைத்த மஸில் கார் என்று ஒத்துக்கொள்ளாமல், சின்ன உடம்புள்ள போனி கார் என்பார்கள். இருக்கட்டும். கமாரோ, செவெல், சார்ஜர் வைத்திருப்பவருக்கும் வேலையின் வரிசை இதுதான். எண்களும் துருப்பிடிக்கும் இடங்களும் மட்டும் மாறும்.

1. கையில் இருப்பது எந்தக் கார்?

பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்கம் பாருங்கள். உள் ஏப்ரனின் (ஃபெண்டருக்கு உள்ளே எஞ்சின் பக்கம் இருக்கும் தகரம்) மேல் விளிம்பில், ஃபெண்டரில் சிறிதாக வெட்டிவிட்ட இடத்தில், வின் எண் (வாகன அடையாள எண்) குத்தியிருக்கும். முதல் இலக்கம் மாடல் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோஸே, டி (T) என்றால் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி: 07 கூபே, 08 மடிக்கும் கூரையுள்ள கன்வெர்ட்டிபிள், 09 கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்து வரும் எழுத்துதான் விலையைத் தீர்மானிக்கிறது. டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 வி8. ஏ என்றால் நாலு பேரல், 225 குதிரைத்திறன். கே என்றால் 271 குதிரைத்திறன் தரும் ஹை பெர்ஃபார்மன்ஸ் 289.

கதவு விளிம்பில் இருக்கும் தகட்டை மட்டும் வைத்து எதையும் நம்பாதீர்கள். அந்தத் தகட்டை யார் கேட்டாலும் புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். ஏப்ரனில் குத்திய எண், பதிவுப் பத்திரம், கதவுத் தகடு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணையும் பாருங்கள். சி5 என்று தொடங்கினால் அந்த வார்ப்பை வடிவமைத்தது 1965 மாடலுக்காக. 1967 அல்லது அதற்குப் பிந்தைய கார் என்றால் வேலை சுலபம். ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸிடம் உரிமத்துடன் இருக்கின்றன. வின் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் எந்த நிறத்தில், என்னென்ன வசதிகளோடு தயாரானது என்று அறிக்கை வாங்கலாம். 1965–66 கார்களுக்கு இந்த வழி இல்லை.

அசல் கே கோடு கார் கையில் இருந்தால் துளைகூடப் போடாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மாற்றியமைக்க ஏற்றது டி அல்லது சி கோடு கூபே. விலை குறைவு, எண்ணிக்கை அதிகம், எதை மாற்றினாலும் வரலாறு ஒன்றும் நஷ்டப்படாது. ஃபாஸ்ட்பேக் அழகுதான், ஆனால் அதே நிலையில் உள்ள கூபேயைவிட நல்ல விலை அதிகம். முதல் காருக்கு நான் கூபேயைத்தான் சொல்வேன். கன்வெர்ட்டிபிள் வேண்டாம். கூரை இல்லாததால் அதன் உறுதி முழுக்கத் தரையிலும் ஓரச்சட்டத்திலும்தான் இருக்கிறது. அந்த இரண்டும்தான் முதலில் துருப்பிடிக்கும்.

2. வாங்கும் முன் எங்கே தட்டிப் பார்ப்பது

ஒரு காந்தம், டார்ச், மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவு போதும்.

வாளி எதற்கு என்றால், முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே சல்லடை மாதிரி துளைகள் இருக்கும் இடத்தில் ஊற்றுவதற்கு. அதைக் கௌல் என்பார்கள். இரண்டு தகரங்களைச் சேர்த்துச் செய்த ஒரு மூடிய பெட்டி அது. மழைத்தண்ணீர் அதற்குள் விழுந்து இரு ஓரமாகவும் வடிந்து போகும். உள்ளே காற்று வரும் துளையைச் சுற்றித் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு உண்டு. ஐம்பது அறுபது வருட இலைக்குப்பை அங்கே ஈரமாகவே தங்கி, அந்த விளிம்பை அரித்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பெட்டில் சொட்டினால் கௌல் போய்விட்டது. இதைச் சரிசெய்ய முன் கண்ணாடி, ஃபெண்டர்கள், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ளவை எல்லாம் கழற்றி, மேல் தகரத்தின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும். விற்கிறவர் 'ரப்பர் பீடிங்தான் கசிகிறது' என்றால் சிரித்துவிட்டு விலையைக் குறையுங்கள்.

அடுத்தது பேட்டரித் தட்டு. பயணி பக்கம் முன்மூலையில் இருக்கும். பேட்டரி ஆசிட் சிந்திச் சிந்தி, தட்டோடு அதன் கீழே உள்ள ஏப்ரனையும் முன் ஃப்ரேம் ரெயிலையும் தின்றிருக்கும். அப்புறம் ஷாக் டவர்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் இந்தக் கோபுரங்களில் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) பொருந்தும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். டிக்கியைத் திறந்தால் தெரிகிற தரையின் பெரும்பகுதி உண்மையில் பெட்ரோல் டேங்கின் மேல்பாகம்தான். டேங்க் மேலிருந்து இறங்கிப் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் இரு பக்கப் பள்ளங்களையும் பின் ரெயில்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின்சக்கர வளைவின் ஓரத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது தகரம் அல்ல, பட்டி.

கடைசியாக, கதவை முழுக்கத் திறந்து பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கீல் மட்டும் ஆடினால் பரவாயில்லை, கீல் பிடித்திருக்கும் தூணே அசைந்தால் அடுத்த காரைப் பார்க்கலாம். கதவு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மிச்சிகன், ஒஹாயோ மாதிரிப் பனிக்கு உப்பு தூவும் மாநிலங்களில் ஓடிய காரைவிட, அரிசோனா, கலிஃபோர்னியாவின் உலர்ந்த பகுதிக் காரை லாரியில் ஏற்றி வரவழைப்பது கடைசியில் மலிவாக முடியும். அங்கே சீட்டும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். அவற்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

3. பிரிப்பது

பிரிக்க ஒரு மாதம் ஆகும், சேர்க்க இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடத்தில் எந்த போல்ட் எங்கே போகும் என்பது மறந்தே போகும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, 'இடது கதவு, மேல் கீல்' என்று எழுதுங்கள். கீலுக்கு அடியில் மெல்லிய தகடுகள் வைத்திருந்தால் எத்தனை என்பதையும் எழுதுங்கள். ஃபோர்டின் 1965 ஷாப் மேனுவல் மறுபதிப்பாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

எதையும் தூக்கி எறியாதீர்கள், நசுங்கிய ஃபெண்டரைக்கூட. புதிதாக அச்சடித்து வரும் தகரங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருத்தினால் விளிம்பு வளைவு ஒத்துவராது. நசுங்கிய அசல் ஃபெண்டரைத் தட்டி எடுப்பது பல நேரம் புதியதை வெட்டிப் பொருத்துவதைவிட எளிது. பழைய பாகம் பக்கத்தில் இருந்தால்தான் புதியதில் எங்கே தவறு என்றே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. முன் ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்மின் மேல் அழுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே உள்ள கம்ப்ரெஸர் இல்லாமல் கைவைக்காதீர்கள். தெறித்தால் ஆளைக் கொல்லும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

4. தகர வேலை

பெயின்ட்டை உரிக்க மொத்தக் காரையும் மணல் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. பானெட், கதவு, கூரை மாதிரி அகலமான தகரங்கள் அந்தச் சூட்டிலும் அடியிலும் நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்தவே முடியாது. கனமான அடிப்பாகங்களுக்கு மட்டும் மணல் போதும். மற்றவற்றுக்கு கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் அல்லது டிஏ சாண்டர் (சுழன்று தேய்க்கும் கைக்கருவி). கூரையும் பின் குவார்ட்டர் பேனலும் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகரம்) சேரும் இடத்தில் தொழிற்சாலையில் ஈயம் ஊற்றி நிரப்பியிருப்பார்கள். அதை அரைத்தால் ஈயத்தூள்தான் பறக்கும். சரியான மாஸ்க் இல்லாமல் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

தரையை வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் செய்து கட்டுங்கள். கார் டயரில் நிற்கட்டும், இல்லாவிட்டால் சமதளத்தில் முன்னும் பின்னும் சரியான இடங்களில் தாங்கி நிற்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத் தரையையும் வெட்டக் கூடாது. இடதை முடித்து, கதவு மூடித் திறந்து பார்த்து, அப்புறம்தான் வலது.

பழைய ஸ்பாட் வெல்டுகளை அதற்கான டிரில் பிட்டால் மேல் தகரம் மட்டும் அறும்படி துளைத்து, உளியால் பிரியுங்கள். புதிய தகரத்தின் விளிம்பில் சுமார் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, அடியில் வெல்ட்-த்ரூ பிரைமர் அடித்து, கிளாம்ப் போட்டு, துளை வழியாக மிக் வெல்டால் நிரப்புங்கள். வெல்டின் நடுப்புள்ளி முதலில் அடித்தகரத்தில் பிடிக்க வேண்டும், பிறகுதான் வட்டமாக வெளியே வர வேண்டும். விளிம்பிலிருந்து ஆரம்பித்தால் மேலே அழகாக நிரம்பியிருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது. சந்தேகம் இருந்தால் பழைய தகரத் துண்டுகள் இரண்டை வெல்ட் செய்து சுத்தியலால் பிரித்துப் பாருங்கள். வெல்ட் பிரியாமல் தகரம் கிழிந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது.

அகலமான பேனலில் நீளமாக ஒரே இழுப்பில் வெல்ட் ஓட்டாதீர்கள். இங்கே ஒரு புள்ளி, ஒரு அடி தள்ளி இன்னொரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யுங்கள். பொறுமை இல்லாதவர் வெல்ட் செய்த குவார்ட்டர் பேனலை வெயிலில் நிறுத்தினால் நெளிவு தெரிந்துவிடும்.

வெல்டிங் முடிந்ததும் எல்லா இணைப்பிலும் சீம் சீலர். மூடிய ரெயில்களுக்குள் நீளக் குழல் வைத்த கேனால் துருத் தடுப்பு மெழுகு அடியுங்கள். வெளியே தெரியாத வேலை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முப்பது வருடத்துக்குக் காரைக் காப்பாற்றப்போவது இந்த மெழுகுதான்.

5. பெயின்ட்

பெயின்ட்டுக்கு முன் கதவு, ஃபெண்டர், பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். 4 முதல் 5 மில்லிமீட்டர், எல்லா இடத்திலும் ஒரே சீராக. கதவு பின் குவார்ட்டரோடு சேருவதை முதலில் முடித்துவிட்டு, ஃபெண்டரைக் கதவுக்கு ஏற்ப நகர்த்துங்கள். கடைசியில் பானெட். தலைகீழாகச் செய்தால் முடிவே வராது.

வெறும் தகரத்தின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, அதன் மேல் ஹை-பில்ட் பிரைமர். நீளமான பிளாக்கில் 80, 180, 320, 600 என்று தாளை மாற்றி மாற்றித் தேயுங்கள். கைட் கோட் என்று மெல்லிய கறுப்புத் தூவல் ஒன்றை அடித்துவிட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சி நிற்கும். கறுப்புக் காராகப் போகிறது என்றால் இந்தச் சுற்றை இன்னும் இரண்டு முறை செய்ய மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விம்பிள்டன் ஒயிட் மாதிரி வெளிர் நிறம் நிறைய மன்னிக்கும்.

இன்றைய டூ-கே பெயின்ட்டுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வேண்டும். அது இல்லையென்றால் தேய்ப்பு வரைக்கும் நீங்கள் செய்துவிட்டு, அடிப்பதைப் பெயின்ட் கடையில் விடுங்கள். செலவில் பெரும்பகுதி தேய்ப்பில்தான்.

6. நிற்க, திரும்ப

1966 வரை மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான். ஒரு சக்கரத்தில் ஹோஸ் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967இல்தான் இரட்டைச் சுற்று வந்தது. வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள். கண்காட்சிக்கு மட்டும் போகும் காருக்கும் இதைச் சொல்வேன்.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வைக்க இரண்டு வழி. 1965–67இல் விருப்பத் தேர்வாக வந்த நாலு பிஸ்டன் கெல்சி-ஹேஸ் காலிப்பரின் மறுபதிப்பு, அல்லது இன்றைய கிட். 14 அங்குல வீல் வேண்டும் என்றால் வாங்கும் முன் பொருந்துமா என்று கேளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது ரெசிடுவல் வால்வ். டிரம் பிரேக்குக்கு லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே அந்த வால்வ் இருக்கும். டிஸ்க்குக்குப் போகும் லைனில் அது இருந்தால் பேட் விடாமல் உரசி, பத்து மைலில் புகையும். பின் டிரம்முக்கு ஒரு புரபோர்ஷனிங் வால்வும் போடுங்கள். இல்லாவிட்டால் பலமாகப் பிரேக் அடிக்கும்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆகி கார் சுற்றும்.

சஸ்பென்ஷனில் காசே செலவாகாத மாற்றம் ஒன்று இருக்கிறது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்து, 1965 ஷெல்பி ஜிடி350யில் பயன்படுத்தியது. ஷாக் டவரில் மேல் கன்ட்ரோல் ஆர்மின் இரண்டு துளைகளையும் ஒரு அங்குலம் கீழே புதிதாகப் போட்டு, ஆர்மை இறக்கி மாட்டுவது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் சாலையில் தட்டையாக நிற்கும். இதற்கென்று எஃகு டெம்ப்ளேட் விற்கிறார்கள். அசல் துளைகள் அப்படியே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். கூடவே ஷாக் டவர்களைக் கௌலோடு இணைக்கும் ஒற்றைத் துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ், முன்னால் தடித்த ஆன்ட்டி-ரோல் பார். சாலையில் ஓட்ட இதற்கு மேல் வேண்டியதில்லை.

வீல் அலைன்மென்ட் கடையில் 1965 புத்தகத்து எண்களைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை அந்தக் காலத்து பயஸ்-பிளை டயருக்கு. ரேடியல் டயருக்கு காஸ்டர் பாஸிட்டிவ் 2 முதல் 3 டிகிரி, காம்பர் நெகட்டிவ் அரை டிகிரி, டோ-இன் எட்டில் ஒரு அங்குலம் கேளுங்கள். ஹைவேயில் கார் அலைகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்குத் தேவை இந்த அலைன்மென்ட்தான், புது ஸ்டியரிங் பாக்ஸ் அல்ல.

முன் சஸ்பென்ஷனையே வெட்டி எடுத்துவிட்டு, ஷாக் டவரை நீக்கி, மஸ்டாங் டூ பாணிக் கிட் வெல்ட் செய்வதும் உண்டு. ஃபோர்டின் அகலமான இன்றைய வி8 எஞ்சினான கொயோட்டியை வைக்க வேறு வழியில்லை. ஆனால் அது காரின் முன்பாதியைப் புதிதாக வடிவமைக்கும் வேலை. முதல் காரில் வேண்டாம் என்பது என் கருத்து.

சீட் பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். இந்தக் கார்களில் வந்தது இடுப்புப் பெல்ட் மட்டுமே. ஸ்டியரிங் காலமும் மோதினால் மடங்காத ஒற்றைத் தண்டு, மடங்கும் வகை பிறகுதான் வந்தது. மூன்று முனைப் பெல்ட் போடும்போது மேல் முனைக்குத் தகரத்தின் பின்னால் தடித்த வலுத்தகடு வெல்ட் செய்ய வேண்டும். அதை உள்ளலங்காரத்துக்கு முன்பே முடியுங்கள்.

7. எஞ்சின்

289இன் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 2.87. பிரித்து லேத் பட்டறைக்குக் கொடுத்து, விரிசல் சோதனை, 0.030 அங்குல ஓவர்போர், கிராங்க் கிரைண்டிங் செய்து வாங்குங்கள். ஹெட்டில் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. அந்தப் பெட்ரோல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு 1996 முதல் தடை. ஏ கோடு எஞ்சினின் அசல் கம்ப்ரெஷன் 10:1. இன்றைய பங்க் பெட்ரோலில் நிம்மதியாக ஓட 9.5 போதும்.

பின் மெயின் சீலில் (கிராங்க்கின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுப்பது) நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தொழிற்சாலையில் வைத்தது கயிறு சீல். அது சுழலாமல் இருக்க பின் மெயின் கேப்பின் பள்ளத்தில் சின்னதாக ஒரு ஆணி நிற்கும். இன்றைய ரப்பர் சீல் போடும்போது அந்த ஆணியைத் தட்டி எடுத்து, துளையைச் சீலர் வைத்து அடைக்க வேண்டும். எடுக்காமல் போட்டால் ஆணி சீலைக் கிழிக்கும், புது எஞ்சின் முதல் நாளிலேயே கிளட்ச் பக்கம் எண்ணெய் ஒழுக்கும். சீலின் உதடு எஞ்சினின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். இரண்டு பாதிகளின் முனைகளையும் கேப் விளிம்போடு நேராக வைக்காமல் சற்று நகர்த்தி வையுங்கள்.

பழைய டைமிங் கியரின் பற்களில் நைலான் பூச்சு இருந்தால் குப்பையில் போடுங்கள். அது உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும்.

ஃப்ளாட் டாப்பெட் கேம் (ரோலர் இல்லாத பழைய வகை) போட்டால், முதல் இருபது நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, கால் அங்குல அறுகோணத் தண்டை டிரில்லில் மாட்டி, இடஞ்சுழியாகச் சுற்றி, எல்லா ராக்கருக்கும் எண்ணெய் வரும் வரை பம்ப்பை ஓட்டுங்கள். துத்தநாகம் அதிகம் உள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000க்கு மேல் ஏற்றி இறக்கி இருபது நிமிடம்.

கார்புரேட்டருக்கு ஒரு சின்னக் கணக்கு. கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று (சிஎஃப்எம்) என்று வரும். 289 × 6,000 ÷ 3,456 என்றால் சுமார் 502. எஞ்சின் முழுக்க நிரம்புவதில்லை என்பதால் 85 சதவீதம் வைத்தால் 427. அசல் ஆட்டோலைட் 4100 கார்புரேட்டர் 480. ஃபோர்டு கணக்குத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. இதில் 750 சிஎஃப்எம் ஒன்றைத் தூக்கி வைத்தால் ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் எஞ்சின் திக்கும். 500, 600க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகச் சக்தி வேண்டுமா? 1987 முதல் 1992 வரை வந்த மஸ்டாங்கின் 5.0 எச்.ஓ. (ஹை அவுட்புட்) எஞ்சின் அதே குடும்பம், வெளியளவும் அதேதான், ரோலர் கேம் உள்ளது. காகிதத்தில் இதுவும் 225, பழைய ஏ கோடும் 225. ஆனால் 1965இன் எண் ஃபேன், சைலன்ஸர், ஏர் ஃபில்டர் எதுவும் இல்லாமல் அளந்த கிராஸ் எண். பின்னதோ எல்லாம் மாட்டி அளந்த நெட். ஓட்டினால் வித்தியாசம் தெரியும். மாற்றும்போது மூன்று இடத்தில் கவனம். பழைய 289இன் ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8, எச்.ஓ.வினுடையது 1-3-7-2-6-5-4-8. பழையது 28 அவுன்ஸ் பேலன்ஸ், புதியது 50 என்பதால் டேம்பரையும் ஃப்ளைவீலையும் கலந்து போட்டால் எஞ்சின் நடுங்கியே சாகும். புதியதன் இரட்டைக் குழி ஆயில் பேன் இங்கே உட்காராது, முன் குழி பேனும் அதற்கேற்ற பிக்கப்பும் வேண்டும்.

8. கியர்பாக்ஸ்

தினமும் ஓட்டும் காருக்கு, எஞ்சினில் கூடுதலாக ஐம்பது குதிரைத்திறன் ஏற்றுவதைவிட ஐந்தாவது கியர் அதிகச் சந்தோஷம் தரும். 25.5 அங்குல டயரும் 3.25 பின் ஆக்ஸில் விகிதமும் இருந்தால், நாலு கியர் பெட்டியில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருக்கும். டி-5 கியர்பாக்ஸின் 0.68 ஓவர்டிரைவில் அதே வேகத்துக்கு 2,040 போதும். டிரான்ஸ்மிஷன் குறுக்குச் சட்டமும் டிரைவ் ஷாஃப்ட் நீளமும் மாறும், கிட்டாகக் கிடைக்கிறது. 1964 ஆகஸ்ட் வரை செய்த வி8களில் பெல் ஹவுசிங்குக்கு ஐந்து போல்ட், பிறகு ஆறு. கிட் வாங்கும் முன் எண்ணிவிடுங்கள்.

வி8 கார்களில் பெரும்பாலும் வந்த 8 அங்குல ஆக்ஸில் 300 குதிரைத்திறன் வரை சாலை ஓட்டத்துக்குத் தாங்கும். 9 அங்குலம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டிராக் ரேஸ் போகாதவருக்கு அது வெறும் எடை.

9. வயரிங்

பழைய ஹார்னஸை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், முழுக்க மாற்றிவிடுங்கள். அசல் வயரிங்கில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. இரண்டு ரிலே போட்டால் சுவிட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறீர்கள் என்றால், சாவிச் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் இளஞ்சிவப்பு வயர் சாதாரண வயர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அது வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர். முழு 12 வோல்ட் கேட்கும் மாட்யூலுக்கு அதற்கு முன்னாலிருந்து தனி லைன் எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காததால்தான் 'எலக்ட்ரானிக் இக்னிஷன் மூன்று மாதத்தில் போய்விட்டது' என்ற புகார்களில் பல வருகின்றன.

உள்ளலங்காரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீட் உறை, கார்பெட், ஹெட்லைனர் எல்லாம் அசல் அச்சிலேயே கிடைக்கின்றன. ஹெட்லைனரை மட்டும் சூடான நாளில் ஒட்டுங்கள், சுருக்கம் தானே போகும்.

10. ஓட்டி இறக்குவது

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையா என்று பாருங்கள். பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலில் இளகிவிடும். ரேடியேட்டருக்கு ஃபேன் ஷ்ரௌட் போடுங்கள். சூடேறுகிறது என்று எஞ்சினைச் சந்தேகப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது அது.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி இரண்டு மைல், கையில் தீயணைப்பான். திரும்பி வந்து ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு பிரேக் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 50 மைலில் வீல் நட்டுகளையும், சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும், இன்டேக் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். 500 மைலில் ஆயில் மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பாருங்கள்.

சாலையில் இறக்கும் முன் இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசியில் இது தேய்மானம் கழித்த அறுபது வயதுக் கார்தான், விபத்தானால் கையில் வருவது சொற்பம். ஹாகர்ட்டி மாதிரி கிளாசிக் கார்களுக்கென்று உள்ள நிறுவனங்களில் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். அந்த மதிப்பைப் பேச, கௌலிலிருந்து மெயின் சீல் வரை நீங்கள் எடுத்துவைத்த படங்களையும் ரசீதுகளையும் ஒரே கோப்பாக்கி அனுப்பினால் கேள்வி குறையும். பழைய கார்களுக்கான சிறப்பு நம்பர் பிளேட் மலிவுதான், ஆனால் பல மாநிலங்களில் அதை வைத்துத் தினமும் ஆபீஸ் போக முடியாது. ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பகுதியின் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு மட்டும் போகிற கார் என்றால் அது போதும்.